2015 சென்னைப் பெருமழை: காலநிலை மாற்றத்தின் தடம் கணக்கில் ஏன் தெரியவில்லை?

தென்பொருநை (கேள்வி)

வணக்கம். முதுநிலை ஆய்வுத் திட்டத்துக்காகச் சென்னைப் பகுதியின் பெருமழை நாட்களுக்கும் புவி வெப்பமாதலுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு வருகிறேன். தரவு, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகைக் கட்ட மழைத் தொகுப்பு. 1901 முதல் 2015 வரை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் அதிக மழை பெய்த ஒரு நாளை எடுத்து, ஜி.இ.வி. பரவலில் (உச்ச அளவுகள் எவ்வளவு அடிக்கடி வரும் என்று கணிக்கும் புள்ளியியல் பரவல்) பொருத்தியிருக்கிறேன். துணை மாறி (பரவல் எதைப் பொறுத்து மாறுகிறதோ அது), நான்காண்டு நகரும் சராசரியாக மென்மையாக்கிய உலக வெப்பநிலை.

வெப்பம் கூடக்கூட மழை கூடுவதாகத்தான் கோடு போகிறது. ஆனால் 95 சதவீத நம்பக இடைவெளி பூச்சியத்தின் இரு பக்கமும் தாராளமாகப் பரவி நிற்கிறது. 2016-ல் வெளியான சர்வதேச ஆய்வுக் கட்டுரையும் இந்த மழையில் புவி வெப்பமாதலின் விளைவைக் காண முடியவில்லை என்றுதான் சொல்கிறது. டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கும் தொடர்பு இல்லை என்று எழுதுவதா?

குறிப்பாக நான்கு சந்தேகங்கள். வெப்பம் ஒரு பாகை கூடினால் 7 சதவீதம் என்று எல்லா நூலிலும் வருகிறதே, அது இங்கே எங்கே போனது? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ.யை இதே முறையில் கணக்கிட முடியுமா? மழை 7 சதவீதம் கூடினால் வெள்ளமும் 7 சதவீதம் கூடும் என்று எழுதலாமா? 2015 வலுவான எல் நினோ ஆண்டு என்பதை எப்படிக் கையாள்வது?

மழைமானி

முதலில் சொற்களைச் சரிசெய்துவிடுவோம். "விளைவு காணப்படவில்லை" என்பதும் "விளைவு இல்லை" என்பதும் வேறு வேறு முடிவுகள். உங்கள் இடைவெளிக்குள் பூச்சியம் இருக்கிறது, சரி. அதே இடைவெளிக்குள் 7 சதவீதமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது என்றால் உங்கள் தரவு இரண்டில் எதையும் மறுக்கவில்லை. ஆய்வேட்டில் அந்த இடைவெளியை முழுதாக எழுதுங்கள். "முக்கியத்துவம் இல்லை" என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அகலமான இடைவெளி என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரே இடத்தின் ஆண்டுப் பெருமழை, தன் சராசரியிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு 40 சதவீதம் விலகுகிறது என்று வையுங்கள். கடலோரச் சென்னைக்கு இது மிகையான அனுமானம் அல்ல. 1901-2015 உலக வெப்பநிலைத் தொடரின் திட்டவிலக்கம் ஏறக்குறைய 0.3 பாகை. 115-ன் வர்க்கமூலம் 10.7. சரிவின் திட்டப்பிழை 40 ÷ (0.3 × 10.7), அதாவது ஒரு பாகைக்குச் சுமார் 12.5 சதவீதம். உண்மையான விளைவு துல்லியமாக 7 சதவீதமாகவே இருந்தாலும், உங்கள் 95 சதவீத இடைவெளி −18 முதல் +32 வரை வரும். ஒற்றை இடத்துத் தரவில் 7 சதவீதத்தைப் பூச்சியத்திலிருந்து பிரித்துக் காட்ட இன்றிருப்பதைப் போல 13 மடங்கு தரவு வேண்டும். அது எந்த ஊருக்கும் கிடையாது.

அதனால்தான் இத்துறையில் வட்டாரத்தைப் பெரிதாக்குகிறார்கள். 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர், எர்ஃப்ட் படுகைகளிலும் பெல்ஜியத்தின் மியூஸ் படுகையிலும் வந்த வெள்ளத்தை ஆராய்ந்தவர்கள், அந்தச் சிறு படுகைகளை மட்டும் வைத்துக்கொண்டு போக்கைக் கண்டறிய முடியாது என்று கண்டு, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கிலிருந்து நெதர்லாந்து வரையிலான பகுதி முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மழையின் கனம் 3 முதல் 19 சதவீதம், அப்படி ஒரு மழைக்கான வாய்ப்பு 1.2 முதல் 9 மடங்கு கூடியிருக்கிறது என்று முடிவு வந்தது. அங்கும் இடைவெளி எவ்வளவு அகலம் பாருங்கள். ஆனால் பூச்சியத்தைத் தாண்டிவிட்டது.

நீங்களும் சோழமண்டலக் கடற்கரை நெடுக, பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரை, பருவமழை இயல்பு ஒத்திருக்கும் கட்டங்களைச் சேர்க்கலாம். ஒரே புயல் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கொட்டும் என்பதால் அவை தனித்தனிச் சான்றுகள் ஆகா. மறுமாதிரி எடுக்கும்போது (இடைவெளியைக் கணிக்க, இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுப்பது) ஆண்டைத்தான் அலகாகக் குலுக்க வேண்டும். 1976 வந்தால் எல்லாக் கட்டத்தின் 1976-ம் ஒன்றாக வர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இடைவெளி பொய்யாகச் சுருங்கிவிடும். ஆயிரம் முறை குலுக்கினால் போதுமானது.

7 சதவீதம் எங்கே போனது என்ற கேள்விக்கு வருகிறேன். அது காற்று தாங்கக்கூடிய ஈரப்பதத்தின் கணக்கு. மழையாக மாறும்போது காற்றோட்டமும் சேர்ந்து மாறினால், ஓர் இடத்தில் 7-ஐவிட அதிகமாகவும் இன்னோர் இடத்தில் குறைவாகவும் வரும். உலகின் நிலப்பரப்பு முழுமைக்கும் ஐ.பி.சி.சி.யின் (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) ஆறாவது மதிப்பீடு தரும் எண்: முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த ஒருநாள் பெருமழை, ஒரு பாகை வெப்பமேற்றத்தில் 1.3 மடங்கு அடிக்கடியும் 6.7 சதவீதம் கனமாகவும் பெய்கிறது. அது உலகச் சராசரி. சென்னை அந்தச் சராசரியிலேயே நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

2016 கட்டுரையை முழுதாகப் படியுங்கள். அதன் ஆசிரியர்கள் விளைவு தெரியவில்லை என்று சொல்லி நிறுத்தவில்லை. பசுங்குடில் வாயுக்களின் விளைவைக் காற்றிலுள்ள நுண்துகள்கள் இதுவரை ஈடுகட்டியிருக்கக்கூடும் என்று காரணமும் சொன்னார்கள். சல்பேட் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிக் கடல் மேற்பரப்பு சூடேறுவதை மட்டுப்படுத்தும். கடல் சூடேறாவிட்டால் மழைக்கான ஈரமும் கூடாது. இதன் பொருள் கவலைக்குரியது: புகையைக் குறைக்கக் குறைக்க, இதுவரை மறைந்திருந்த பங்கு வெளியே வரும். உங்கள் விவாதப் பகுதியில் அழுத்தமாக எழுத வேண்டியது இதுதான். உலக வெப்பநிலையைத் துணை மாறியாக வைக்கும் உங்கள் முறை பசுங்குடில் வாயுவையும் நுண்துகளையும் பிரிக்காது. இரண்டின் கூட்டு விளைவைத்தான் தரும்.

கலங்கல்

மேலே சொன்னதெல்லாம் தரவு சுத்தமாக இருந்தால்தான் செல்லும். அந்தக் கட்டத் தொகுப்பில் மாணவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்கிறேன்.

பைனரிக் கோப்பு ஒவ்வொன்றும் ஓர் ஆண்டு. தீர்க்கரேகையில் 135, அட்சரேகையில் 129 புள்ளிகள். முதல் புள்ளி வடக்கு 6.5, கிழக்கு 66.5 பாகை. வாசிக்கும்போது வரிசை நாள், அட்சரேகை, தீர்க்கரேகை என்றிருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி வராது, சென்னைக்குப் பதில் வேறெங்கோ உள்ள மழை வரும். 2015 டிசம்பர் 2-ஆம் தேதியை வரைபடமாக வரைந்து, வடதமிழகக் கடற்கரையில் கரும்புள்ளி விழுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். தரவில்லா இடத்துக்கு −999 போட்டிருப்பார்கள். ஆண்டின் உச்ச நாளை எடுக்கும்போது அது தொல்லை தராது. பல கட்டங்களைச் சராசரி எடுத்தால் கடலோரத்தில் மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.

தொகுப்புக்கு மொத்தம் 6,955 மழைமானி நிலையங்கள் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் எல்லா நாளும் எல்லா நிலையமும் இல்லை. தொடக்கப் பத்தாண்டுகளில் நிலையங்கள் குறைவு. தொலைவில் உள்ள மானிகளை இடைக்கணித்துக் கட்டத்தை நிரப்பும்போது உச்சம் மழுங்கிவிடும். பிற்பாடு நிலையங்கள் கூடக்கூட உச்சம் கூர்மையாகத் தெரியும். மழை மாறாமலே ஏறுமுகம் ஒன்று முளைத்துவிடும். எனவே நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் போல நீண்ட பதிவுள்ள நிலையங்களைத் தனியே பொருத்தி, கட்டத் தரவின் சரிவோடு ஒப்பிட்டு அட்டவணையில் காட்டுங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் நிலையத்தைத்தான் நான் நம்புவேன்.

0.25 பாகைக் கட்டம் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 750 சதுர கி.மீ. தாம்பரத்து 49 செ.மீ. ஒரு மானியின் அளவு. அதைக் கட்டத் தரவின் பரவலில் வைத்து மறுநிகழ்வுக் காலம் கணக்கிட்டால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று அபத்தமாக வரும். கட்டத்தின் பரவலுக்குக் கட்டத்தின் அளவு, மானியின் பரவலுக்கு மானியின் அளவு.

அடுத்தது மென்பொருள். பைத்தானின் சைபை நூலகத்தில் வடிவ அளவுருவின் (அரிதான பெருமழைகள் இருக்கும் வால்பகுதி எவ்வளவு கனம் என்று சொல்லும் எண்) குறி தலைகீழ். பாடநூல்களிலும் ஆர் மொழியின் எக்ஸ்ட்ரீம்ஸ் தொகுப்பிலும் நேர்க்குறி என்றால் கனத்த வால். சைபையில் அதே வால் எதிர்க்குறியோடு வரும். இதைக் கவனிக்காமல் இரண்டையும் கலந்தால், எல்லையில்லாமல் நீளும் பரவலை மேல்வரம்பு உள்ளதென்று எழுதிவிடுவீர்கள். தவிர, சைபையில் துணை மாறியோடு பொருத்தும் வசதி நேரடியாக இல்லை. சார்பை நீங்களே எழுத வேண்டும். எக்ஸ்ட்ரீம்ஸ் அதைச் செய்யும்.

மழைக்கு இடம் (பரவலின் மையம்), வீச்சு (அதன் விரிவு) இரண்டும் ஒரே விகிதத்தில் வளர்வதாக வைப்பது வழக்கம். இரண்டின் விகிதமும் வடிவமும் மாறாது. இடத்தை மட்டும் நகர்த்தும் மாதிரி வெப்பநிலைக்கு உகந்தது, மழைக்கு அல்ல.

2015-ஐப் பொருத்தத்தில் சேர்ப்பதா விடுவதா என்று அடுத்து கேட்பீர்கள். அந்த ஆண்டு பெருமழை பெய்ததால்தானே சென்னையைத் தேர்ந்தெடுத்தீர்கள்? சேர்த்தால் சரிவு மேல்நோக்கிச் சாயும். விட்டால் நடந்தே விட்ட ஒன்றை நடக்காததாக எண்ணி வாலை மெலிதாக்குகிறீர்கள். இரண்டு விதமாகவும் போட்டு இரண்டையும் வெளியிடுங்கள். இதைப் போலவே ஆய்வுப் பெட்டியின் எல்லையை மழை விழுந்த இடத்தைச் சுற்றி இறுக்கமாக வரைவதும் தவறு. ஆற்றுப் படுகை, மாவட்ட எல்லை என்று மழைக்கு முன்பே இருந்த எல்லையை எடுங்கள்.

காயல்பட்டினம்: 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 946 மி.மீ. அதே நாளில் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகமாக ஒரே நாளில் விழுந்த இடம் அது. அந்த ஓர் எண்ணைத் தனியாகப் பொருத்த எந்தப் பரவலாலும் முடியாது. வாலின் நீளத்தை அந்த ஒற்றைப் புள்ளியே முடிவு செய்துவிடும். தாமிரபரணிக் கீழ்ப்படுகை முழுவதற்குமான சராசரி மழையை நிகழ்வாக வரையறுத்தால் கணக்கில் கொஞ்சம் நிதானம் வரும். வெள்ளத்தை உண்டாக்கியதும் அந்தப் படுகை மழைதான்.

மழைமானி

கலங்கல் சொன்ன வடிவ அளவுருவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் செய்தித்தாளில் வரும் "இத்தனை மடங்கு" எல்லாம் அதைப் பொறுத்தது. வீச்சை இடத்தின் 0.35 பங்கு என்று வையுங்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை, எல்லாமே 7 சதவீதம் கனமான பிறகு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? வடிவம் பூச்சியமாக இருந்தால் 62 ஆண்டு, வாய்ப்பு 1.6 மடங்கு. வடிவம் 0.15 என்றால் 73 ஆண்டு, 1.4 மடங்கு. மழை மாறியது அதே 7 சதவீதம்தான்! ஆகவே மடங்கை மட்டும் தலைப்பில் போடாதீர்கள். கனம் எத்தனை சதவீதம், வாய்ப்பு எத்தனை மடங்கு என இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள். இரண்டில் கனத்தின் எண்தான் உறுதியானது.

எல் நினோ: உலக வெப்பநிலையோடு நினோ 3.4 குறியீட்டின் (நடுப் பசிபிக் கடல் வெப்பத்தைக் காட்டுவது) அக்டோபர்-டிசம்பர் சராசரியை இரண்டாவது துணை மாறியாகச் சேருங்கள். வடகிழக்குப் பருவமழை எல் நினோ ஆண்டுகளில் கூடுதலாகப் பெய்யும் சாய்வு உண்டு. குறியீட்டிலிருந்து வெப்பமண்டலக் கடல்களின் பொதுவான வெப்ப ஏற்றத்தைக் கழித்துவிட வேண்டும். கழிக்காமல் வைத்தால் புவி வெப்பமாதலின் ஒரு பகுதி எல் நினோவின் கணக்கில் போய்விடும். அளவுருக்கள் கூடுவதால் இடைவெளி இன்னும் விரியும், அதற்குத் தயாராக இருங்கள்.

வரப்புயர

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வீட்டுக்குள் வருவது ஓட்டநீர். மானியில் நிற்கும் மழை அல்ல.

7 சதவீத மழைக்கு 7 சதவீத வெள்ளம் என்று எழுத முடியாது. அமெரிக்க மண்வளத் துறையின் கர்வ் நம்பர் (நிலம் எவ்வளவு மழையை ஓடவிடும் என்று காட்டும் எண்) முறையில் போட்டுப் பாருங்கள். தேக்கத்திறன் = 25,400 ÷ கர்வ் நம்பர் − 254, மி.மீ.யில். ஓட்டநீர் = (மழை − 0.2 தேக்கம்)² ÷ (மழை + 0.8 தேக்கம்). இந்தியக் கையேடுகளில் 0.2-க்குப் பதில் 0.3-ம் புழங்குகிறது; எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

கர்வ் நம்பர் 60 உள்ள நீர்ப்பிடிப்பில் 200 மி.மீ. பெய்தால் ஓட்டநீர் 82 மி.மீ. மழையை 7 சதவீதம் கூட்டி 214 ஆக்குங்கள்: 93 மி.மீ., அதாவது 13 சதவீத உயர்வு. அதே நிலத்தில் 100 மி.மீ. மழை 107 ஆனால் ஓட்டநீர் 18.5-லிருந்து 22-க்கு, 19 சதவீதம் ஏறுகிறது. கான்கிரீட் மூடிய நகரப் பகுதிக்குக் கர்வ் நம்பர் 90 என்றால் 200 மி.மீ.க்கு 170, 214-க்கு 183.5, உயர்வு 8 சதவீதம்தான், ஆனால் அங்கே ஏற்கெனவே வானம் கொடுத்ததெல்லாம் தெருவில் நிற்கிறது.

இப்போது மண் ஈரத்தை மாற்றுங்கள். கர்வ் நம்பர் 60 என்பது சராசரி ஈரத்துக்கு. முந்தைய மழையில் மண் ஊறிக் கிடந்தால் அதே நிலத்துக்கு 77.5. அப்போது 200 மி.மீ.க்கு ஓட்டநீர் 133 மி.மீ. ஈரம் மட்டுமே 82-ஐ 133 ஆக்கியிருக்கிறது. வெப்பமாதலின் 7 சதவீதம் 82-ஐ 93 ஆக்கியது. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்து முடிந்திருந்தது, அங்கே 1918-க்குப் பிறகு அவ்வளவு மழை எந்த நவம்பரிலும் இல்லை. டிசம்பர் 1 வந்தபோது மண்ணிலும் இடமில்லை, ஏரிகளிலும் இடமில்லை. அதனால் ஒருநாள் பெருமழையை மட்டும் நிகழ்வாக வரையறுத்ததே போதாது என்பது என் கருத்து. 30 நாள் மொத்த மழைக்கும் ஒரு பொருத்தம் போடுங்கள். இரண்டும் வேறு வேறு கதை சொல்லலாம்.

செம்பரம்பாக்கத்தைத் தனியாக வையுங்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்றிரவு அடையாற்றில் திறந்துவிட்டது விநாடிக்கு 29,000 கன அடி. மணிக்கு 104 மில்லியன் கன அடி. ஏரி முழுவதையும் 35 மணி நேரத்தில் காலி செய்யும் வேகம். இந்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை ஏரி மேலாண்மையைக் கடுமையாகக் குறை கூறியது. அடையாற்றின் உச்ச வெள்ளத்தில் மதகுத் திறப்பின் பங்கு, இடைப்பட்ட ஏரிகள் உடைந்து வந்த நீரின் பங்கு, ஆற்றோர ஆக்கிரமிப்பின் பங்கு, காலநிலையின் பங்கு என்று நான்கையும் ஒரே சதவீதத்தில் அடக்க முடியாது. மதகுக் கட்டுப்பாட்டில் இருக்கும் ஆற்றின் நீரளவைத் தொடரில் போக்கு தேடுவது வீண்வேலை. ஏரிக்கு மேலே உள்ள வரத்தை மழையிலிருந்து கணக்கிட்டு, மதகு இயக்கத்தை ஒரே மாதிரி வைத்து, மழையை மட்டும் மாற்றி இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். ஹெச்.இ.சி.-ஹெச்.எம்.எஸ். என்ற ஓட்டநீர் மென்பொருள் இதற்குப் போதும், கட்டணமும் இல்லை.

மழை கூடினாலும் ஆற்று வெள்ளம் கூடாத இடங்களும் உண்டு என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஐரோப்பாவில் 1960-2010 காலத்தின் ஆயிரக்கணக்கான நீரளவை நிலையங்களை ஆராய்ந்து 2019-ல் வந்த ஆய்வு, வடமேற்கில் வெள்ளம் பத்தாண்டுக்கு 11 சதவீதம் வரை கூடியதையும், கிழக்கில் 23 சதவீதம் வரை குறைந்ததையும் காட்டியது. தெற்கில் மழை குறைந்து ஆவியாதல் கூடியது, கிழக்கில் பனி குறைந்து உருகுநீர் குறைந்தது. பெரிய படுகைகளில் மண் ஈரமும் பனியும்தான் ஆள்கின்றன. சிறிய படுகையிலும் நகரத்திலும்தான் மழையின் கனம் நேராக வெள்ளமாகிறது. அடையாறு இரண்டாவது வகை.

தென்பொருநை

மிக்க நன்றி. 30 நாள் மொத்தத்துக்கும் பொருத்தம் போடுகிறேன்; பழவேற்காடு முதல் நாகை வரை கட்டங்களைச் சேர்த்து, ஆண்டை அலகாக வைத்துக் குலுக்கவும் தொடங்கிவிட்டேன். ஆனால் வட்டாரத்தைச் சேர்த்தாலும் இடைவெளி பூச்சியத்தைத் தாண்டாது போலத்தான் தெரிகிறது. வானிலை மாதிரியில் அதே மழையைக் குளிர்ந்த உலகில் ஓட்டிப் பார்க்கும் முறை உண்டாமே, அது இதற்கு மாற்றாகுமா? எரா5 தரவு (கடந்தகால வானிலையை மணிவாரியாக மீளமைத்த உலகத் தொகுப்பு) பதிவிறக்கி வைத்திருக்கிறேன்.

குறுங்குளம்

மாற்றாகாது, வேறு கேள்விக்கு விடை தரும். பரவல் முறை "இப்படி ஒரு மழைக்கான வாய்ப்பு எவ்வளவு மாறியது" என்று கேட்கிறது. நீங்கள் சொல்லும் முறை "இதே காற்றோட்டம் குளிர்ந்த உலகில் அமைந்திருந்தால் எவ்வளவு பெய்திருக்கும்" என்று கேட்கிறது. அந்தக் காற்றோட்டமே அடிக்கடி அமைகிறதா என்பதைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. முடிவை எழுதும்போது இந்த நிபந்தனையை முதல் வாக்கியத்திலேயே வையுங்கள்.

செய்முறை: டபிள்யூ.ஆர்.எஃப். வானிலை மாதிரியை 9 கி.மீ., அதற்குள் 3 கி.மீ. என இரண்டு அடுக்காக அமையுங்கள். உள்ளடுக்கில் மேகச்சலன அளவுருத் திட்டத்தை அணைத்துவிடுங்கள்; 3 கி.மீ.யில் மாதிரியே இடிமேகத்தை ஓரளவு உருவாக்கும், திட்டமும் சேர்ந்து இயங்கினால் மழை இருமுறை எண்ணப்படும். வெளியடுக்கு வங்கக் கடலின் தென்மேற்குப் பகுதியைத் தாராளமாக உள்ளடக்க வேண்டும், ஈரம் அங்கிருந்துதான் வருகிறது. எரா5 எல்லைத் தரவில் முதல் ஓட்டம், இன்றைய உலகம். இரண்டாவது ஓட்டத்துக்கு, சி.எம்.ஐ.பி.6 (சர்வதேசக் காலநிலை மாதிரி ஒப்பீட்டுத் திட்டம்) மாதிரிகளின் இன்றைய காலத்துக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை, அதே மாதத்துக்குரியதாக, கடல் மேற்பரப்பு வெப்பநிலையிலிருந்தும் எல்லா உயர அடுக்குகளின் வெப்பநிலையிலிருந்தும் கழியுங்கள். ஒப்பீரப்பதத்தை மாற்றாமல் வைத்து ஈரத்தை மறுபடி கணக்கிடுங்கள். கடலை மட்டும் குளிர்வித்து மேலடுக்கை விட்டுவிட்டால் வளிமண்டலம் செயற்கையாக நிலைத்தன்மை பெற்று, மழைக் குறைவு மிகையாகத் தெரியும். இது அடிக்கடி நடக்கிற பிழை.

ஒற்றை ஓட்டம் எதற்கும் சான்றல்ல. தொடக்க நேரத்தை ஆறு ஆறு மணி நேரம் நகர்த்தியும், மேக நுண்பௌதிகத் திட்டத்தை மாற்றியும் குறைந்தது பத்து இணைகள் வேண்டும். முதல் 12 மணி நேரத்தை ஒவ்வொன்றிலும் தள்ளிவிடுங்கள். மழை மையம் ஓட்டத்துக்கு ஓட்டம் 30, 40 கி.மீ. நகரும், ஆதலால் ஒரே புள்ளியை ஒப்பிடாமல் அடையாறு, கூவம், கொசத்தலையாறு படுகைகளின் சராசரியை ஒப்பிடுங்கள். அதற்கும் முன்னால், இன்றைய உலக ஓட்டம் தாம்பரம், செம்பரம்பாக்கம் பகுதியில் நடந்த அளவில் பாதியையாவது பெய்விக்கிறதா என்று பாருங்கள். பெய்விக்காத மாதிரியின் வேறுபாட்டை வெளியிடுவதில் பயன் இல்லை.

வெள்ளத்தின் வாய்ப்பையே நேராகக் கணக்கிட்ட முன்மாதிரி வேண்டுமென்றால் 2011-ல் வெளியான இங்கிலாந்து, வேல்ஸ் ஆய்வைப் பாருங்கள். 2000 இலையுதிர்கால வெள்ளத்துக்காகத் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் ஆயிரக்கணக்கான காலநிலை ஓட்டங்களை நடத்தி, அந்த மழையை ஓட்டநீர் மாதிரிக்குள் செலுத்தினார்கள். பத்தில் ஒன்பது நிலைகளில் வெள்ள வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேலும், மூன்றில் இரண்டு நிலைகளில் 90 சதவீதத்துக்கு மேலும் கூடியிருந்தது. விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இப்படிப் படிநிலையாகச் சொன்ன விதம் உங்கள் ஆய்வேட்டுக்கும் பொருந்தும்.

கலங்கல்

எரா5 என்றதும் ஓர் எச்சரிக்கை. அதில் மழை மீட்டரில் இருக்கும், 1,000-ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு மணிக்குறியும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தின் மழை. இந்திய மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது, அதாவது உலக நேரம் 03.00. ஆகவே முந்தைய நாள் 04.00 குறியிலிருந்து அன்றைய 03.00 குறி வரை 24 மணிக்குறிகளைக் கூட்டி, முடியும் நாளின் தேதியை இடுங்கள். நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டினால், டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் கொட்டிய மழை எரா5-ல் 1-ஆம் தேதியாகவும் வானிலைத் துறையில் 2-ஆம் தேதியாகவும் நிற்கும். இரண்டு தரவும் ஒத்துப்போகவில்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள். கூட்டி முடித்ததும் பருவமழை நாட்களில் ஒரு தொடரை மற்றதிலிருந்து ஒரு நாள் முன்னும் ஒரு நாள் பின்னும் நகர்த்தி ஒட்டுறவைப் பாருங்கள். நகர்த்தாதபோது அது உச்சமாக இருந்தால் நாள் எல்லை சரியாக அமைந்திருக்கிறது.